பச்சையம்மாள் பூட்ஸைக் கழற்றிய கதை

1

ஒரு பொத்தானை அமுக்கப் பயந்துதான் இந்தக் கதையை எழுதுகிறேன். வேறு காரணம் கிடையாது. கதை உள்ளேயிருந்து தானாக வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்புவதில்லை.

எதிரே டிவி. அதில் ஒரு விளையாட்டு ஓடாமல் நிற்கிறது. திரையில் ஒரு கிழவன், அவனுக்கு எதிரே வெறுங்காலோடு ஒரு பெண். கீழே "பேசு" என்று எழுதியிருக்கிறது. அமுக்கினால் கிழவன் வாயைத் திறப்பான். அந்தக் கிழவன் நான்.

நான் தருமன், ஊர் அடி அண்ணாமலை, கிரிவலப் பாதைமேல். ஐந்தாவது வரை படிப்பு. முப்பது வருஷம் ஊர்த் தண்ணீர் டேங்குக்கு மோட்டார் போட்டு, தெருத்தெருவாக வால்வு திறந்துவிட்டவன். விளையாட்டின் பேரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் செய்வதற்காக எழுதவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அருணையின் நிழலில் ஒரு முதியவர்"

அடித்துவிட்டேன். அருணை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களுக்கு அது மலை, அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "என் மகள் மணிமொழி ஒரு"

இதற்குமேல் வரவில்லை. அப்படியே விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மணிமொழி பரீட்சை எழுதிப் பாஸ் செய்தாள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை, உத்தரவும் வந்துவிட்டது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, சேரப்போவதில்லை என்றாள். சென்னையில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் மலையும் காடும் வரைகிற வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"இல்லாத ஊருக்கு மலை வரையறது ஒரு வேலையா?"

"இருக்கிற ஊர்ல ஃபைல் தூக்கறதுக்கு அது மேல்ப்பா."

நான் அப்போதுதான் வால்வு சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தேன். ஆள் உயரக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னேன்:

"இந்த வீட்ல ஒரு சொட்டுத் தண்ணி உனக்கு இல்ல, போ."

என்னைச் செருப்பால் அடிக்க வந்தவனின் தெருவுக்குக்கூட நான் தண்ணீரை நிறுத்தியதில்லை. மகளுக்கு நிறுத்தினேன். அவள் கையிலிருந்த டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

(டம்ளர் பொய். அவள் கையில் பைதான் இருந்தது. கதைக்கு நன்றாக இருக்குமே என்று சேர்த்தேன். எழுதுகிறவனை எவ்வளவு நம்பலாம் என்று இதிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.)

3

அடுத்து வருகிற ஆளை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எனக்கே சந்தேகம்தான். ஆனால் தினமும் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன்.

என் மனைவி தனம், வயது அறுபத்தி இரண்டு. போன வருஷம் மணிமொழி அம்மாவுக்கென்று ஒரு பெட்டி அனுப்பினாள், டிவியில் மாட்டி விளையாடுவது, உள்ளே அவள் கம்பெனி செய்த விளையாட்டு. ஒரு மாதம் தனம் அதை வெறுமனே துடைத்துவைத்தாள். அப்புறம் ஒரு நாள் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். குழம்பு தீய்ந்தது. றெக்கை வைத்த பாம்பு ஒன்று செத்தது.

அது பெரிய உலகம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், போ என்றும் போகாதே என்றும் சொல்ல ஆள் கிடையாது. தனம் தன் வீராங்கனைக்குப் பச்சையம்மாள் என்று பேர் வைத்திருக்கிறாள். பச்சையம்மாளுக்கு இரும்புச் சட்டை, குதிரை, பூட்ஸ், இரண்டு கத்தி. நான் திரும்பிப் பார்த்ததில்லை. போன வாரம் தனம்தான் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா, இங்க வா. ஒருத்தன் நிக்கிறான், அப்படியே உன் மூஞ்சி."

"என் மூஞ்சி எதுக்கு அங்க போவுது?"

"கோவமா நிக்கிறான். வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஒரு மலை. அதைச் சுற்றி ஒரு பாதை, வழியில் எங்கள் எட்டு லிங்கம் மாதிரி எட்டுக் கல். மேற்குப் பக்கம், எங்கள் ஊர் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்துபோன ஒரு கால்வாய். அதன் மதகை மறித்துக்கொண்டு கிழவன் நிற்கிறான். கையில் வால்வு சாவி. விளையாடுகிறவர்கள் அதை ஏதோ ஆயுதம் என்று நெட்டில் எழுதியிருக்கிறார்களாம். மடையர்கள்.

"பேச மாட்டேன்றான்," என்றாள் தனம். "யார் போனாலும் பேசலியாம். மணிமொழிய ஃபோன்ல கேட்டேன். சரியா வந்தா பேசுவாரும்மான்னு சொல்லிட்டு வச்சிட்டா."

என்னைக் கேட்காமல் என்னைப் பாத்திரமாக்கியிருக்கிறாள் மகள். (நானும் இப்போது அவளைக் கேட்காமல் அதையே செய்கிறேன். இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம், தெரியும்.) கோபம் வந்தது. அதைவிட ஒரு கேள்வி வந்தது. அவன் என்ன சொல்வான்? நான் அன்றைக்குச் சொன்னதையா?

4

சரியாக வருவது என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு என் வாசலில் லட்சம் கால் நடக்கிறது. எப்படி நடக்க வேண்டும் என்று தெரியாதவர்களைத் திட்டியே எனக்குத் தொண்டை போனது.

"குதிரையை வுட்டு எறங்கு," என்றேன்.

"நடந்தா ஒரு மணி நேரம் ஆவும்யா."

"ஆவட்டும்."

முதல் சுற்று, நடந்தே போனோம். கிழவன் பேசவில்லை. அப்போதுதான் பச்சையம்மாளின் காலைப் பார்த்தேன்.

"பூட்ஸோட கிரிவலம் போனா எவன் பேசுவான்? கழட்டு."

"முள்ளு குத்துனா உயிர் கொறையும். அந்த செவப்புக் கோட்டைப் பாரு."

"குத்தட்டும்."

குத்தியது. மூன்றாவது கல்லைத் தாண்டி ஓநாய் வந்தது. வெட்டக் கூடாது என்றேன். "அதை ஓநாய்கிட்ட சொல்லு," என்றாள் தனம். சொல்வதற்குள் பச்சையம்மாள் செத்துப்போனாள்.

மறுநாள் ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன். வால்வு திருகித் திருகிக் காய்த்த கட்டைவிரலுக்கு அந்தச் சின்னக் குமிழ் அடங்கவே இல்லை. பச்சையம்மாள் குடித்தவள் மாதிரி போனாள். ஓநாய் வந்தால் வெட்டவில்லை, ஓடினேன். பாதையில் இடது ஓரமாகவே போனேன். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் நடக்கிற பக்கம், அதை விட்டுவைக்க வேண்டும். அங்கேயும் கிழக்கே ஒரு கோயில்; அதன் வாசலில் தொடங்கி, மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, திரும்பக் கிழக்கு வாசலுக்கே வந்து முடித்தேன். கிழவனிடம் போனேன். பேசவில்லை.

தனம் சோறு போட்டாள். சாப்பிடாமல் யோசித்தேன்.

கோயிலில் தொடங்குவது வெளியூர்க்காரர்கள். நாங்கள் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலில் முடிப்போம். மணிமொழி சின்னதில் என் பின்னாலேயே வருவாள். "எங்க புறப்பட்டமோ அங்க வந்து சேர்ந்தாத்தான் ஒரு சுத்து" என்று அவளுக்குச் சொன்னவன் நான்தான்.

இன்று விடியற்காலை, கிழவன் நிற்கிற இடத்திலிருந்தே புறப்பட்டேன். வெறுங்கால், இடது ஓரம், கத்தி எடுக்கவில்லை. சிவப்புக் கோடு நூல் மாதிரி ஆகிவிட்டது. வந்து சேர்ந்தேன்.

கிழவன் தலையைத் தூக்கினான். "பேசு" என்று எழுத்து வந்தது.

தனம்தான் ஓடிவந்து விளையாட்டை நிறுத்திவைத்தாள். ரிமோட்டை நான் கீழே வைத்துவிட்டேன்.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அமுக்குகிறேன். "ஒரு சொட்டு இல்ல, போ" என்கிறான். அப்படியானால் ஆறு வருஷமாக அவள் அதை மறக்கவில்லை.

இரண்டு: அமுக்குகிறேன். "வாம்மா, தண்ணி குடி" என்று சொல்லி மதகைத் திறக்கிறான். தனம் இதைத்தான் சொல்கிறாள். அவள் பெற்றவள், அப்படித்தான் சொல்வாள்.

மூன்று: அமுக்குகிறேன், மதகு

இந்த மூன்றையும் அடிக்கிறேன். எதுவாக இருந்தாலும் அது மணிமொழி எழுதிக்கொடுத்த வசனம். அன்றைக்குச் சொன்னது என் வாய். இன்றைக்கு ஒரு பொம்மை எனக்காகப் பேசி, நான் சோபாவில் உட்கார்ந்து கேட்பதா?

6

பத்து மணி பஸ்ஸுக்குச் சென்னை போகிறேன். விலாசம் தனத்திடம் இருக்கிறது. ஆறு வருஷமாகவே இருந்திருக்கிறது.

பொத்தான் உங்களுக்கு. விளையாட்டின் பேரை நீங்களே கண்டுபிடியுங்கள், வழியெல்லாம் மேலே சொல்லிவிட்டேன். பூட்ஸைக் கழற்றுங்கள், கிழவனிடமிருந்தே புறப்படுங்கள். என்ன சொன்னான் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

மணிமொழி கதவைத் திறந்ததும் நான் சொல்லப்போவதை மட்டும் எழுதுகிறேன்: "தண்ணி குடும்மா." கொடுப்பாளா மாட்டாளா என்று எழுத மாட்டேன். எழுதினால் அவளுக்கும் நானே வசனம் எழுதினவன் ஆவேன்.

தனம் டிவியை அணைத்துவிட்டு வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.

"வேணாம்."

"வெயில்யா. நாலஞ்சு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும். அங்க போய் கேட்டுக் குடிக்கிறேன்."

"குடுக்கலன்னா?"

செருப்பை மாட்டுகிறேன். தனம் என்னைப் பார்க்கிறாள், பாட்டிலைப் பார்க்கிறாள், உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறாள்.