பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு

தன் விமான நிறுவனமும் இன்னொரு விமான நிறுவனமும் ஒன்றாக இணையப் போகின்றன என்ற செய்தி வந்தபோது கேப்டன் ஓய்வறையில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார். சக விமானிகள் அவருக்கு வைத்த பெயர் வானொலி. மைக்கைப் பிடித்தால் உயரம், வேகம், வெளியே எத்தனை டிகிரி, இடது பக்கம் தெரிகிற ஆறு என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் விடுவார். விமானிகள் சங்கத்தின் செயலாளரும் அவரே.

செய்தியைப் படித்ததும் அவர் பதறி எழுந்தார். கம்பெனியை நினைத்து அல்ல. முப்பத்தொன்று என்ற எண்ணை நினைத்து. சீனியாரிட்டி பட்டியலில் அவர் இடம் அது. யாருக்குப் பெரிய விமானம், யாருக்குப் பள்ளி விடுமுறையில் லீவு, யார் விடியற்காலையில் அலாரம் வைத்து எழ வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பட்டியல்தான் முடிவு செய்யும். இருபத்திரண்டு வருஷமாக மேலே இருப்பவர்கள் ஓய்வு பெறுவதை விரல் விட்டு எண்ணி, படிப்படியாக ஏறி வந்த இடம். இப்போது எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து நடுவில் புகுந்துகொள்ளப் போகிறது.

மறுநாளே சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

"அவங்க லேண்டிங்னு சொல்றதை நாம மூட்டை இறக்குறதுன்னு சொல்லுவோம்" என்றார் ஒருவர்.

"நாலு வருஷத்துல கேப்டன் ஆக்கிடுறாங்க சார். நாம நாலு வருஷத்துல தொப்பியே ஒழுங்கா வைக்கக் கத்துக்கல" என்றார் இன்னொருவர்.

பயணிகளின் உயிர் என்ற சொல் அன்று நாற்பது தடவையாவது அந்த அறையில் உச்சரிக்கப்பட்டது. நாலு மாதத்தில் ஓய்வு பெறப்போகும் ஒரு கேப்டன் மட்டும் கையைத் தூக்கி, "நம்ம நம்பர் இறங்கிடும், அதான் வயித்தெரிச்சல். அதையே எழுதிடலாமே" என்றார். கூட்டக் குறிப்பில் அவர் அன்று வரவில்லை என்று பதிவாயிற்று.

'பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு இந்த இணைப்பைக் கடுமையாக எதிர்க்கிறோம்' என்று தொடங்கி வானொலி பதினொரு பக்கம் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான். மனைவியின் தம்பி, அந்த இன்னொரு நிறுவனத்தில் கேப்டன். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அங்கே அவனும் முப்பத்தொன்றாம் எண். தற்செயல்தான், ஆனாலும் வானொலிக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, அவனும் தன் சங்கத்துக்குச் செயலாளர்.

"எங்க தீர்மானம் அத்தான்" என்று அவன் ஒரு காகிதத்தை நீட்டினான். 'பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு' என்றுதான் அதுவும் ஆரம்பித்தது. வானொலியின் நிறுவனத்து விமானிகளுக்கு வயதாகிவிட்டது, புதிய கருவிகள் பிடிபடாது, அறிவிப்பு செய்தே நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று போயிற்று.

"இந்தக் கடைசி வரி யாரை மாப்ள சொல்லுது?"

"பொதுவா எழுதினது அத்தான்."

மனைவி பள்ளி ஆசிரியை. மேஜை மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் இரண்டு தீர்மானங்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "என் கிளாஸ்ல இப்படி வந்தா ரெண்டு பேருக்கும் பூஜ்யம் போடுவேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

பேச்சு, இரண்டு நிறுவனத்துக்கும் சேர்த்துப் போடப்போகும் பட்டியலில் போய் நின்றது. வேலையில் சேர்ந்த தேதிப்படி பட்டியல் போட்டால் வானொலி மேலே. கேப்டன் ஆன தேதிப்படி போட்டால் மச்சினன் மேலே. இருவரும் குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மரியாதையாகச் சண்டை போட்டார்கள். மச்சினன் கை கழுவியபோது தட்டில் பாதிச் சோறு மிச்சம் இருந்தது.

அந்த வாரமே, இணைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த நிர்வாகத் துணைத் தலைவர் வானொலியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மென்மையாகப் பேசுகிற அம்மாள். காபி வரவழைத்து, கதவைத் தானே எழுந்து போய்ச் சாத்தினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் கேப்டன். சேர்ந்த தேதியைத்தான் பார்க்கணும்னு நான் நினைக்கிறேன். அனுபவத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

வானொலி மனசுக்குள் கணக்குப் போட்டார். அந்தப் பக்கம் அவருக்கு முன்னால் வேலையில் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே இருக்கும், விமானங்கள் மட்டும் இரண்டு மடங்காகும். காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு இணைப்பின் நன்மைகள் வரிசையாகப் புலப்படத் தொடங்கின.

அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார். அவரவர் காதில் அவரவர் நம்பர் இறங்காது என்று சொன்னார். பதினொரு பக்கமும் அப்படியே இருந்தது. எதிர்க்கிறோம் என்ற இடத்தில் மட்டும் வரவேற்கிறோம் என்று மாற்றினார்கள். அதே நாளில் மச்சினனின் சங்கமும் இணைப்பை வரவேற்றது. அவனுக்கும் காபி வந்திருந்தது என்பது வானொலிக்கு அப்போது தெரியாது.

இணைப்புக்குக் கையெழுத்தெல்லாம் ஆன மூன்றாம் வாரம் பட்டியல் வெளியானது. சேர்ந்த தேதியும் இல்லை, கேப்டன் ஆன தேதியும் இல்லை. இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கோத்திருந்தார்கள். யார் முதலில் என்பதை நாணயம் சுண்டிப் பார்த்ததில் அந்தப் பக்கம் ஜெயித்திருந்தது. மச்சினன் அறுபத்தொன்று. வானொலி அறுபத்திரண்டு.

உடனே போனை எடுத்தார்.

"உனக்கு என்னடா சொன்னாங்க?"

"கேப்டன் ஆன தேதின்னு சொன்னாங்க அத்தான். என்கிட்ட மட்டும் சொல்றேன்னாங்க."

"கதவைச் சாத்தினாங்களா?"

"சாத்தினாங்க."

மறுநாள் இருவரும் சேர்ந்தே துணைத் தலைவரைப் பார்க்கப் போனார்கள். அவர் பதவி உயர்வு பெற்று வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தார். அங்கே வாசலில் இருந்தவர் முன்அனுமதி கேட்டார்.

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்று வானொலி சொல்லி வைத்திருந்தார். அந்த வாரத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு லீவு. அது அறுபத்தொன்றாம் எண்ணுக்குப் போயிற்று.

"அறை போட்டாச்சு, இனிமே மாத்த முடியாது. நாங்க தம்பியோட போயிட்டு வர்றோம்" என்றாள் மனைவி. மகள்கள் இருவரும் மாமாவின் காரில் ஏறி ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். வானொலி டிக்கியைத் திறந்து பெட்டிகளை எடுத்து வைத்தார்.

அன்றைக்கு அவருக்கு நாலு குட்டிப் பயணங்கள், போக, வர, போக, வர. துணை விமானி மச்சினனின் நிறுவனத்திலிருந்து வந்தவர். பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "இந்த இணைப்பைப் பத்தி நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

வானொலி கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். கீழே ஒருவர் டயருக்கு முட்டுக் கொடுத்த கட்டைகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நீங்க செக்லிஸ்ட்டைப் படிங்க" என்றார்.