சாட்சி சொல்லப் படித்தவன்

எங்கள் கம்பெனியில் சரக்கு என்றைக்கும் தாமதமாகத்தான் கப்பல் ஏறும். மன்னிப்பு மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்திருந்தார் முதலாளி கிட்டுசாமி. ஆளின் பெயர் குணா. விசிட்டிங் கார்டில் மெர்ச்சண்டைசர் என்று போட்டிருக்கும். வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசி, சொன்ன தேதிக்குப் பனியனை அனுப்பிவைக்க வேண்டிய வேலை அது. நான் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ் அனுசுயா. அவன் மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமையும் வந்து பெட்டி கட்டுகிறவள்.

இந்த வித்தையை அவன் கற்றது பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவக் கல்லூரியில். மூன்று கட்டடம், ஒரு சேப்பல். காற்று திரும்பினால் பாடம் நடத்துகிறவரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார். புதன்கிழமைதோறும் சேப்பலில் ஒரு மாணவர் எழுந்து சாட்சி சொல்வது அங்கே வழக்கம். அதற்கு ஒரு வரிசை உண்டு. இன்ன தப்புச் செய்தேன், இப்படி அழுதேன், இனிமேல் செய்ய மாட்டேன். முடித்தால் எல்லாரும் ஆமென் சொல்வார்கள்.

மனம் கசிந்து சொன்ன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. குணா சேவூர்க்காரன். நெசவுக் குடும்பம், வருடம் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுக்கிற வீடு. அவன் சாட்சி சொல்லியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவனாகவே எழுந்து, ஒரே ஒரு பீடி குடித்த கதையை வைத்துக்கொண்டு முன் பெஞ்சு முழுவதையும் அழவைத்துவிட்டான். பிரின்சிபாலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பார்கள். மூன்றாம் வருடம் வருவதற்குள் செய்யாத பாவத்துக்கெல்லாம் அழ ஆரம்பித்திருந்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் ஆஷா. அவளும் அதே வகுப்பு, இப்போது எங்கள் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த டெய்லர். அன்றைக்கு முன் பெஞ்சில் அழுதவர்களில் அவளும் ஒருத்தி. அந்த அழுகையில் ஆரம்பித்த காதல், படிப்பு முடிந்து நாலைந்து வருடமாகியும் கல்யாணத்தை எட்டாமல் கிடந்தது.

குணாவின் உத்தியோகம் மட்டும் அமோகமாக வளர்ந்தது. ஏற்றுமதிக்கு அளவு கட்டியிருந்த கோட்டா முறை ஒழிந்து திருப்பூரில் ஆர்டர் கொட்டிய காலம் அது. தைக்க முடிந்ததைப் போல இரண்டு மடங்கு ஆர்டரை வாங்கிப் போட்டுக்கொள்வார் கிட்டுசாமி. தேதி தாண்டும். பையர் கத்துவார். குணா போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, சாயம் போடும் டையிங்கையும் சாக்குச் சொல்லாமல் கரண்டையும் சொல்லாமல், தப்பு முழுக்க என்னுடையது என்று ஆங்கிலத்தில் ஆரம்பிப்பான். ஹாலந்திலிருந்து நேரில் சண்டைக்கு வந்த ஓர் அம்மாள், அவன் பேசியதைக் கேட்டு அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, கூடப் பத்து நாளும் கொடுத்துவிட்டுப் போனார். கிட்டுசாமிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

“இனி ஆள் எடுத்தா அந்தக் காலேஜ்லயே எடுங்க” என்று ஆர்டர் போட்டார். இரண்டு பேர் வந்தார்கள். துணியில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் என்னமாய் வருத்தப்பட்டார்கள்!

ஆஷாவுக்கும் குணாவிடமிருந்து இதே சரக்குதான் வந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறேன் என்பான். தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்பான். அப்புறம் ஆடி வந்துவிட்டது என்பான். ஒவ்வொரு தடவையும் கண்ணில் நீரோடு ஒரு மன்னிப்பு. கடைசியில் ஒருநாள் கேண்டீனில், என் எதிரிலேயே அவள் சொல்லிவிட்டாள்.

“எங்க ஊர்ப் பக்கம் ஏரல்ல மாப்ள பாத்துட்டாவ. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ உங்க அப்பாகிட்ட கேட்டுரணும். இல்லன்னா எங்க அப்பாகிட்ட நான் சரின்னு சொல்லிருவேன்.”

“தப்பு முழுக்க எம்பேர்லதான் ஆஷா...”

“தப்ப விடு குணா. தேதியச் சொல்லு.”

எந்த பையரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. ஞாயிறு காலையிலேயே போகிறேன் என்றான். ஆஷா என் பக்கம் திரும்பினாள். “அக்கா, நீங்களும் கூடப் போங்க. நம்ம பக்கம் பேச ஒரு ஆளு வேணும்லா.”

போனேன். சேவூரில் அவன் அப்பா சாமியப்பன், நெற்றி நிறையத் திருநீறோடு, “வாங்கம்மிணி, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா குப்பாயி சமையலறை வாசலில் வந்து நின்றார். இரண்டு பேர் முகத்திலும் கோபமில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

“சொல்லு கண்ணு, என்ன சமாச்சாரம்?”

குணா கைகளைக் கோத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். 

“அப்பா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க. கூடப் படிச்ச கிறிஸ்தவப் புள்ளைய மனசுல நெனச்சுட்டனுங்க. உங்ககிட்ட மறச்சுட்டனுங்க.”

இது வரைக்கும் பாதகமில்லை. அடுத்ததாக, கட்டி வையுங்கள் என்று கேட்க வேண்டும். நான் இருமிக் காட்டினேன். செக்குமாட்டுக்குத் தெரிந்தது ஒரே வட்டம். அவன் கண்ணில் நீர் முட்டியது. “இத்தன வருசமா உங்க மூஞ்சியப் பாக்க முடியாமத் தவிச்சனுங்க. இனிமேல் அப்படி நடக்காதுங்கப்பா.”

வரிசை தப்பாமல் முடித்துவிட்டான். ஆமென் மட்டும்தான் பாக்கி.

நான் எழுந்துவிட்டேன். “ஐயா, இவன் கேக்க வந்தது இது இல்லைங்க.”

சாமியப்பன் மகனைப் பார்த்தார். “அப்படியா கண்ணு? அந்தப் புள்ளையக் கட்டிக்கோணும்னு வந்தியா? கூச்சப்படாமச் சொல்லு.”

இதற்குமேல் ஒரு தகப்பன் எப்படிக் கேட்பான்? ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் குணாவின் முகத்தில் அதற்குள் அந்தக் களை வந்திருந்தது. முன் பெஞ்சு அழும்போது வரும் என்று ஆஷா சொல்வாளே, அது. “இல்லீங்கப்பா, உங்க மனசு நோகக் கூடாதுங்க” என்றான்.

 பெரியவர் முருகன் படத்துக்கு முன்னாலிருந்து திருநீறு எடுத்து அவன் நெற்றியில் பூசினார். “நீயே வேண்டாம்னு வந்துட்ட பொறவு நான் என்னத்தச் சொல்றது? மன்னிச்சுட்டன் சாமி. அழுவாத.”

கிளம்பும்போது குப்பாயி என்னை ஓரமாக அழைத்து ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார். பாயசம். “விசயம் எங்க காதுக்கு வந்துருச்சுங்கம்மிணி. அவரு போன மாசமே மனசத் தேத்திக்கிட்டாருங்க. பையன் வந்து கேட்டா சரின்னு சொல்லிரலாம்னாரு. அதாங் காலைலயே வெச்சனுங்க.” 

திரும்பி வரும் பஸ்ஸில் குணா ஜன்னலோரம் காற்று வாங்கினான். “மனசு லேசாயிருச்சுக்கா.” ஓடுகிற பஸ்ஸிலிருந்து அவனைத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஆஷா நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவன் நெற்றியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்பா நம்மள மன்னிச்சுட்டாரு ஆஷா” என்றான்.

“நம்மளயா? என்னைய எதுக்கு மன்னிச்சாரு?”

 ஆஷா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “அப்பா, ஏரல்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருங்க.”

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலம்பாளையம் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போன பிறகும், தப்பு முழுக்க என்னுடையது என்று குணா சொல்லிக்கொண்டேயிருந்தான். கேட்பதற்கு அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.