நாலாவது வட்டம்

பிப்ரவரி பதினோராம் தேதி காலை, நகராட்சிக் கூடத்தில், பள்ளிகளுக்கிடையேயான வரலாற்று இணையதளப் போட்டியின் பரிசளிப்பு நடந்தது. 'நமது நூற்பாலை: ஒரு பொற்காலம்' என்ற தளத்துக்கு முதல் பரிசு.

அதைச் செய்தவர்கள் ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர். வகுப்புத் தலைவனை எல்லோரும் கலெக்டர் என்பார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. இரண்டாமவன் ஜெராக்ஸ். இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக் கொட்டுவான். ஆலையின் தொடக்க காலம் என்ற பக்கத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தின் படம் இருந்ததென்றால் அது அவன் கைங்கரியம். மூன்றாவது, குருவி. எழுதியதெல்லாம் அவள்தான்.

குருவி கைக்குழந்தையாக இருந்தபோது ஆலையின் பஞ்சுக் கிடங்கு எரிந்தது. ஆலை வாசலில் உள்ள கல்லில், அன்று செத்த நாலு பேரின் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே போன ஐந்தாவது ஆள் அவளுடைய சித்தப்பா. ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த மூட்டை தூக்கும் ஆள். அடையாளம் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. அப்படி ஒருவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று அன்றைக்கு ஆலை சொன்னது, இன்றைக்கும் சொல்கிறது. கல்லில் பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

'ஐந்தாவது ஆள்' என்று குருவி ஒரு பக்கம் எழுதினாள். வரலாற்று சார் அதைப் படித்தார். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏதாவது நடந்திருக்கக்கூடும் என்ற சந்தேகமே வராமல் ஓய்வு வயதை நெருங்கிவிட்ட மனிதர்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"பரிசு யாரு குடுக்கறாங்க, தெரியுமில்ல? ஆலைக்காரங்க. அவங்க மேடையில ஏறி அவங்களுக்கே ஒப்பாரி வைப்பியா?"

"நடந்ததுதானே சார்."

"நடந்ததெல்லாம் வரலாறு ஆயிடுமா? தூக்கு."

கலெக்டர் தலையாட்டினான். ஜெராக்ஸ் தூக்கினான். அந்த இடத்தில் ஆலை முதலாளி மரக்கன்று நடும் படம் வந்து உட்கார்ந்தது.

போட்டிக் குழு எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே டெம்ப்ளேட்டைக் கொடுத்திருந்தது. அதில் 'எங்கள் குழு' என்ற பக்கத்தில் நாலு வட்டங்கள். மூன்றில் இவர்கள் முகம். நாலாவதில், டெம்ப்ளேட்டோடு வந்த யாரோ ஒரு டை கட்டிய ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை நீக்கினால் மற்ற வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழுந்தன. ஜெராக்ஸ் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினான்.

"விட்றா, இருந்துட்டுப் போகட்டும்," என்றார் சார். "யாரு பாக்கப் போறா?"

குருவி அதைக் கேட்டுக்கொண்டாள். தளத்தை அனுப்புவதற்கு முன்னால், டை கட்டியவரை எடுத்துவிட்டுச் சித்தப்பாவை வைத்தாள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டிய முகம், அடர்ந்த மீசை. கீழே பெயர். பொறுப்பு என்ற இடத்தில் 'மூட்டை தூக்குபவர், நூற்பாலை' என்று எழுதினாள்.

சார் சொன்னது சரிதான். அவரே பார்க்கவில்லை. கலெக்டர் தன் வட்டத்தைத் தாண்டிக் கண்ணை நகர்த்தவில்லை. நடுவர்கள் முகப்பில் சுழன்ற ஆலைச் சின்னத்தைப் பார்த்து அசந்துபோய், அங்கேயே மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். சான்றிதழ் அச்சடித்தவர் குழுப் பக்கத்திலிருந்த பெயர்களையும் பொறுப்புகளையும் அப்படியே எடுத்து, ஆண் பெயர்களுக்கு முன்னால் 'செல்வன்' சேர்த்துக்கொண்டார்.

மேடையில் நாலாவது பெயரையும் பொறுப்பையும் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கூடம் சிரித்தது.

"டீம்ல உண்மையா வேலை பாத்தது இந்தத் தம்பிதான் போல!" என்றார் பரிசு வழங்க வந்த ஆலை மேனேஜர். மறுபடி சிரிப்பு. "எங்க அவரு, வரலையா?"

"வர முடியாது சார்," என்றாள் குருவி.

"உடம்பு சரியில்லையா? சரி, நீயே குடுத்துடும்மா. அடுத்த தடவ கட்டாயம் கூட்டிட்டு வரணும்."

முன்வரிசையில் வரலாற்று சாருக்கு அந்தப் பெயர் காதில் விழுந்தது. முகம் ஒரு கணம் கறுத்தது. கைதட்டலை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

சாயங்காலம் சித்தி சான்றிதழைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சித்தப்பாவின் பெயர், அதை ஒட்டி ஆலை, அடியில் மேனேஜர் கையெழுத்து. இவை ஒரே தாளில் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"அவங்க கையாலயா குடுத்தாங்க?"

"சிரிச்சிக்கிட்டே குடுத்தாங்க சித்தி."

மறுநாள் காலை சித்தி அதை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். வாட்ச்மேன் வாங்கி முழுவதும் படித்தார். "உங்க பையனா? முதல் பரிசா? நல்லா வரட்டும்மா" என்று வாழ்த்திவிட்டு, கேட்டின் கம்பி வழியாகவே திருப்பிக் கொடுத்தார்.