மேற்குச் சுவர்

படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு வீட்டின் வெளிச்சுவருக்குப் பலகை மாற்றத் திட்டம் போட்ட ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். அவனைக் கட்டிக்கொண்டு அழுததும் நான்தான்.

என் புருஷன் வெண்டெலின் இதயம் முக்கால்வாசி ஓய்ந்துவிட்டது என்று அக்டோபரில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவனோ பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி முகம் மலர்ந்து, "என் கட்டிலு, என் ஜன்னலு. அது போதும்" என்றான். மேற்குப் பக்கத்து அறையில் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் துறைமுகமும் கடல் வற்றும்போது கிடக்கும் சேறும் தெரியும். சாவது என்றால் இந்த அறையில்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ், கிறிஸ்துமஸ் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வந்து படுத்த கையோடு ஆரம்பித்துவிட்டான்.

"ஆர்டிஸ், வெளிப் பலகை எல்லாத்தையும் மாத்திடணும்."

"மாத்தலாம். மொதல்ல இந்தப் போர்வைய மாத்துறேன், நகரு."

"கிண்டல் பண்ணாத. சிமெண்ட் பலகை அடிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. மேற்குப் பக்கம் பெயிண்ட் உப்பிக்கிட்டு நிக்குது. நான் போனப்பறம் நீ ஏணி ஏறப் போறியா?"

"நீ இருக்கும்போதே ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னவ நான்தான்."

"புடிச்சியா? கீழ நின்னு திட்டினே."

அதுவும் உண்மைதான். நாங்கள் இருவரும் நாலாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் மரியாதை என்பது எங்களுக்குள் முளைக்கவே இல்லை. அவன் காகித ஆலையில் குழாய் வேலை பார்த்தான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். முப்பது வருஷம் நாற்பது பிள்ளைகளை அதட்டிய தொண்டை என்னுடையது. ஐம்பது வருஷம் சண்டை போட்டோம். காப்பி ஆறிப்போனதற்குச் சண்டை, நாய்க்குப் பெயர் வைத்ததற்குச் சண்டை. ஒரு நாள் சண்டை இல்லாவிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் செப்டம்பரில் பிடிக்கும் மழை ஜூனில்தான் விடும். வாஷிங்டன் மாநிலத்தில் கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் வெண்டெல் ஏணியை எடுப்பான். ஒரு பலகையின் அடி விளிம்பு கீழ்ப் பலகையின் மேல் படிகிற இடமெல்லாம், ஜன்னல்களுக்கு மேலே மடித்து அடித்த தகரத்தின் விளிம்பெல்லாம், ஓர் இழை விடாமல் பசையைப் பிதுக்கி அடைத்துக்கொண்டே போவான். ஆலையில் கசிவு என்றால் அடைக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த வேதம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் வயசு ஆண்கள் எல்லாம் இதைப் பற்றித்தான் பேசுவார்கள். யார் வீடு எவ்வளவு இறுக்கம் என்பதில் அவர்களுக்கு ஒரு போட்டி. எங்கள் வீட்டைக் கப்பல் என்பார்கள். வெண்டெலுக்குத் தலைகால் புரியாது.

பலகை வேலை செய்கிற ராய்ஸைக் கூப்பிட்டோம். அவனுக்கே ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் என் பேருந்தில் பின்சீட்டில் உட்கார்ந்து சேட்டை பண்ணியவன். இன்றைக்கும் என் குரல் உயர்ந்தால் முதுகை நிமிர்த்துகிறான். வெவ்வேறு நிறத்தில் பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து வெண்டெலின் போர்வை மேல் பரப்பினான்.

வெண்டெல் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இந்தக் கரும்பச்சை."

"சவப்பெட்டி மாதிரி இருக்கு," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. ராய்ஸ் தரையைப் பார்த்தான்.

வெண்டெல் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு திரும்பிய பிறகு சொன்னான்: "அப்ப நீயே பாத்துச் சொல்லு. நீதானே இருக்கப் போற."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியெல்லாம் பேசி என்னை மடக்கினால் நான் எப்படிச் சண்டை போடுவது? சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து ராய்ஸ் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவினேன்.

அவனுக்கு வேண்டியது எல்லாம் ஒன்றுதான். அவன் போன பிறகு எனக்கு ஒழுகாத வீடு இருக்க வேண்டும். பலகை, நிறம், எந்தச் சுவரில் தொடங்குவது, சாரம் எங்கே கட்டுவது என்று ராய்ஸைக் கேள்வியால் துளைத்தான். மூச்சு வாங்கினால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.

"எல்லாம் சரி சார். ஆனா ஒரு பலகையக் கழட்டி உள்ள எப்படி இருக்குன்னு பாக்காம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றான் ராய்ஸ்.

"கழட்டு. இந்த ஜன்னலுக்குக் கீழயே கழட்டு. மழை மூஞ்சியில அறையுற சுவரு இதுதான். இது தாங்கியிருந்தா எல்லாம் தாங்கியிருக்கும்."

மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் நானும் ராய்ஸும் வெளியே போனோம். பசையைக் கத்தியால் கீறவே அவனுக்கு நெடுநேரம் ஆயிற்று. வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசியது விரல் தடிமனுக்கு இருந்தது. கடைசியில் நெம்புகோலால் பலகையை நெம்பி எடுத்தான். உள்ளே ஈரம் புகாமல் இருக்கச் சுற்றியிருந்த மழைத்தாள் ஊறிய செய்தித்தாள் போலக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் இருந்த பிளைவுட் கருப்பாக இருந்தது. காளான் வாடை அடித்தது. ராய்ஸ் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். கைப்பிடிவரை இறங்கிவிட்டது.

இன்னும் மேலே, ஜன்னல் ஓரமாக, ஓர் இடத்தில் குத்திப் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான்.

"டேய், வாயத் தொறந்து சொல்லு."

"மேடம்..." என்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பலகைக்குப் பின்னாடி எப்பவுமே கொஞ்சம் தண்ணி போகத்தான் செய்யும். போன தண்ணி தானா கீழ எறங்கி வெளிய வந்துடணும். அதுக்குத்தான் பலகைக்கு அடி விளிம்புலயும் ஜன்னல் தகரத்து மேலயும் ஒட்டாம விடுறது. இங்க எல்லாம் அடைச்சிருக்கு."

"அடைச்சா தண்ணி உள்ள போகாதுல்ல?"

"உள்ள போக மழைக்கு ஆயிரம் வழி மேடம். வெளிய வர இருந்தது அந்த வழிதான்."

ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். வெண்டெலின் தலை தெரியவில்லை, தலையணையின் ஓரம் மட்டும் தெரிந்தது. எனக்கு அப்போது வந்தது துக்கம் இல்லை, சுத்தமான கோபம். இருபத்தைந்து செப்டம்பர்! கை மரத்துப்போக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே! உள்ளே ஓடிப்போய், "அறிவுகெட்டவனே, வீட்டை உன் கையாலேயே அழுக வச்சிருக்கே" என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"என்ன பண்ணணும் இப்ப?"

"இந்தச் சுவரு முழுசா பிரிக்கணும். உள்ள நிக்கிற கட்டைங்களும் போயிருக்கும். ஒரு மாசம் இந்த ரூம்ல யாரும் இருக்க முடியாது. அவர வேற எங்கயாவது..."

"எங்க?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் அறைக்குள் போனேன். வெண்டெல் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தான். அதற்கே நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம்தான் குசுகுசுன்னு பேசுவீங்க? என்னவாம்?"

கத்துவதற்காகத் திறந்த வாய்தான். "ஒண்ணும் இல்ல. உள்ள புதுசு மாதிரி இருக்கு," என்றேன்.

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். கன்னத்தில் ரத்தம் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். பல வாரமாகப் பார்க்காத நிறம்.

"சொன்னேன்ல? வருஷா வருஷம் கீழ நின்னு என்னமா கத்தின! 'வேல இல்லாதவன், பைத்தியக்காரன், விழுந்து சாவு'ன்னு. இப்ப என்ன சொல்ற?"

"என்ன சொல்லணும்?"

"மன்னிப்பு கேளு."

ஐம்பது வருஷத்தில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. அவன் காரை நான் கொண்டுபோய் மரத்தில் மோதியபோதுகூட மரத்தைத்தான் திட்டினேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிரு, வெண்டெல். நீ செஞ்சதுதான் சரி."

அவன் கண்ணைத் திறந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான். "அப்ப எதுக்கு மாத்தணும்? உள்ள நல்லா இருந்தா இன்னும் இருபது வருஷம் நிக்கும். ராய்ஸ அந்தப் பலகைய திருப்பி மாட்டச் சொல்லு. பெயிண்ட் மட்டும் வெயில் வந்தப்பறம் அடிச்சுக்கோ."

என் பொய் இப்படித் திரும்பி என் காலையே வாரிவிடும் என்று நினைக்கவில்லை. "இல்ல, எதுக்கும் மாத்திடலாமே" என்று இழுத்தேன்.

"நல்ல சுவர யாராவது பிரிப்பாங்களா? உனக்குப் பித்தா?"

வெளியே போய் ராய்ஸிடம் சொன்னேன். அவன் ஒரேயடியாக மறுத்தான்.

"மேடம், அழுகின கட்டை மேல எப்படி அடிக்கிறது? ஆணியே நிக்காது."

"நிக்கிற எடத்துல அடி."

"இந்த மழைக் காலம் பூரா தண்ணி உள்ள இறங்கும்."

"இந்த மழைக் காலம் வரைக்கும்தான் எனக்குச் சுவரு வேணும். புரியுதா?"

அவனுக்குப் புரிந்தது. ஆணியைத் தேடித் தேடி அடித்தான். உள்ளேயிருந்து வெண்டெலின் குரல் சன்னமாக வந்தது. அடி விளிம்பைப் பசை போட்டு அடைக்க மறக்க வேண்டாமாம். ராய்ஸ் என்னைப் பார்த்தான். "அடைடா" என்றேன். அடைத்தான். அதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கருவிகளைக்கூடச் சரியாக அடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு வெண்டெல் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி நிம்மதியாகத் தூங்கினான். காற்று மேற்கிலிருந்து அடித்து மழை சுவரில் மோதும்போதெல்லாம், "கேளு, கப்பலு," என்று சொல்லி என் கையை அழுத்துவான். நான் தலையாட்டுவேன். அவன் தலைமாட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களைப் போன்ற தனிமையை அவன் செத்த பிறகும் நான் அனுபவித்ததில்லை. அதுவரை அவனிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைக்கும் அளவுக்கு எனக்குப் பொறுமையும் இருந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், என் கை அவன் கையில் இருக்கும்போதே போய்விட்டான்.

சர்ச்சில் எல்லாரும் அவனைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். அவன் வீட்டைப் பேணிய விதத்தைச் சொல்லாதவர்கள் இல்லை. நான் கொழுக்கட்டை வாயில் வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் பிறந்து வெயில் வந்ததும் ராய்ஸ் இரண்டு ஆட்களோடு வந்தான். மேற்குச் சுவரைப் பிரித்தார்கள். நான் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். வந்தேன். ஜன்னலுக்கு மேலிருந்து அஸ்திவாரம்வரை கருகின மாதிரி இருந்தது. உள்கட்டைகளைக் கையாலேயே பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டைகளுக்கு இடையே அந்த அறை தெரிந்தது, விரிப்பு இல்லாத கட்டிலும் தெரிந்தது.

"முட்டாப்பயலே!" என்று கத்தினேன். இயந்திர ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்த பையன் பதறி அதை நிறுத்திவிட்டான். "பாருடா! நீ செஞ்ச லட்சணத்தப் பாரு! இருபத்தஞ்சு வருஷம்! யாரக் கேட்டு அடைச்ச? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த யாரையாவது கேட்டியா? நான் சொன்னா கேப்பியா நீ? கப்பலாம் கப்பலு! உங்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேன், வெக்கங்கெட்ட சிறுக்கி நானு!"

பேருந்துக் குரல் முழுவதும் வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ராய்ஸும் ஆட்களும் சாரத்தின் கீழே அசையாமல் நின்றார்கள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஐம்பது வருஷப் பழக்கம். இப்போது அவன் முறை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அவன் திருப்பித் திட்டுவதற்காக அந்தக் கட்டிலைப் பார்த்தபடி காத்து நின்றேன்.

ராய்ஸ் மெதுவாக அருகில் வந்தான்.

"மேடம், வேலைய மறுபடி ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க," என்றேன்.