பச்சைச் செருப்புப் பெண்கள் ஒன்பது பேர்

நகர வடிவமைப்பு மேற்படிப்பில் சேர்ந்த இரண்டு வருஷத்தில் சின்னவள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் வாயால் சொல்லவில்லை, கம்ப்யூட்டரில் தட்டினாள். மூன்றே மூன்று இலக்கம்: 340.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். அந்தப் பெயர் எப்படியோ கல்லூரிக்கும் கூடவே வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஜனங்கள் எந்தெந்த வழியாக நடக்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் எங்கே கூரை போட்டால் நல்லது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்கு ஏழு இடங்களில் நின்று, காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை, கடந்துபோகிறவர்களை எண்ண வேண்டும். கையில் கிளிக்கர் என்று ஒரு சின்ன டப்பா. ஆள் போனால் ஓர் அமுக்கு, எண் ஒன்று கூடும். பட்டம் வாங்கப்போகும் ஒருத்தி செய்கிற வேலையா இது என்று அம்மாவே கேட்டிருக்கிறாள்.

ஆறு இடங்களில் யோக்கியமாகத்தான் நின்றாள். பிறகு ஒரு புரோகிராம் எழுதினாள். வரைபடத்தைக் கொடுத்தால் எந்தத் தெருவில் எத்தனை பேர் போவார்கள் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். அது சொன்னதும் இவள் எண்ணியதும் ஆறு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அங்கேதான் கர்வம் தலைக்கேறியது. ஏழாவது இடம், பேருந்து நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போகும் ஒரு சந்து. பெரிய சாலையைச் சுற்றினால் பன்னிரண்டு நிமிடம், சந்து வழியே மூன்று நிமிடம். புரோகிராமைக் கேட்டாள், 340 என்றது. அன்றைக்கு மழை வேறு. தெரிந்த பதிலுக்காக எதற்கு நனைய வேண்டும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவளுடைய பேராசிரியர் முப்பது வருஷமாகத் தெருமுனைகளில் ஆள் எண்ணியவர். முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பது அவர் பாடம். முகத்தைப் பார்த்தால் கதை யோசிக்க ஆரம்பித்துவிடுவோமாம், எண்ணிக்கை போய்விடுமாம். செருப்பை வைத்தே இவர் வாத்தியார், இவர் வங்கிக்காரர் என்று சொல்லிவிடுவார். சரியா என்று யாரும் ஓடிப்போய்க் கேட்டதில்லை.

அவருக்கு அந்த ஏழாவது இடம் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு சந்துக்குள் 340 பேரா என்று அசந்துபோனார். அவர் கொடுத்த உற்சாகத்தில் சின்னவள் அந்தச் சந்து முழுவதற்கும் ஒரு கூரை வடிவமைத்தாள். ஆயிரத்து நூறு சின்னச் சின்னப் பலகைகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர் வளைத்துக் கொடுத்தவை. ஆய்வில் பாதி அந்தக் கூரைதான். இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, அவர் அவள் தலையில் குண்டைப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை காலைல நானே அந்தச் சந்துல உக்காந்து ஒரு தடவை எண்ணிடறேன். வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் அதைத்தான் நோண்டுவார்."

எண்ணாமல் எண் எழுதினால் ஆய்வு ரத்து, படிப்பும் ரத்து. அது துறையின் விதி. போன வருஷம் ஒருத்தன் ஒரே ஓர் அட்டவணையைக் கற்பனையில் நிரப்பினான். இப்போது டைல்ஸ் கடையில் நிற்கிறான். வியாழக்கிழமை காலை சின்னவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சந்தைப் பார்க்கப் போனாள்.

சந்து இருந்தது. ஆள்தான் இல்லை. பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த பார்சல் அலுவலகக்காரர் தன் மரப்பெட்டிகளை ஆள் உயரத்துக்குச் சந்து வாயில் அடுக்கிவைத்திருந்தார். ஓரமாக ஓர் இடைவெளி. அது அவருடைய கிடங்குக்குப் போகிற வழி என்றுதான் யாருக்கும் தோன்றும். புரோகிராமுக்குப் பெட்டி தெரியாது. இரண்டு மணி நேரம் நின்றதில் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சுவரோரம் ஒதுங்க வந்தவர், இவளைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் கொட்டினாள். அழுதாள். இரண்டு வருஷம் போய்விடும் என்ற பயத்தைவிட, இத்தனை நாள் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்ற அவமானம்தான் அதிகமாகக் குத்தியது.

"போய் உண்மையைச் சொல்லிடு," என்றாள் அம்மா.

"சொன்னா வெளியில அனுப்பிடுவாங்கங்கறா. நீ வேற," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா, கூடவே இருப்பவள், எந்த வம்புக்கும் முதல் ஆளாக நிற்பவள். "நம்பர் பொய்யா இருந்தாத்தானே தப்பு? அதை நெசமாக்கிட்டாப் போச்சு. நடக்கறதுதானே, நாம நடந்தா ஆகாதா?"

சின்னவளுடைய அக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே பிறந்தவர் போல நோட்டை எடுத்து அட்டவணை போட்டார். வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டு ஆட்கள், அத்தையோடு காலையில் நடக்கப் போகும் நாலு பேர், எல்லாம் சேர்த்துப் பதினாலு. சந்துக்குள் புகுந்து ஆஸ்பத்திரி பக்கம் வெளியேறி, சாலை வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வர வேண்டும்.

"ஆளுக்கு எட்டு சுத்து. நூத்திப் பன்னண்டு," என்றார். "இன்னும் இருநூத்தி இருபத்தெட்டு குறையுதே."

"நான் ஒம்பது சுத்தறேன்," என்றாள் அத்தை.

"அப்ப இருநூத்தி இருபத்தேழு," என்று அவர் அடித்துத் திருத்தினார்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே படை கிளம்பியது. முதல் வேலையாக மாஸ்டர் பெட்டிகளைத் தள்ளிவைக்கத் தொடங்கினார். பார்சல் அலுவலகக்காரர் சண்டைக்கு வந்தார். மாஸ்டர் பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து ஊதிவிட்டார். அந்த மனிதர் ஒரு கணம் விறைத்து நின்று, பிறகு தானும் ஒரு பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் வாங்கியது சாகும்வரை உடம்பில் இருக்கும்போலிருக்கிறது.

எட்டு மணிக்குப் பேராசிரியர் மடக்கு நாற்காலியோடு வந்து சந்தின் நடுவில், சுவரோரமாக உட்கார்ந்தார். கண் தரையில், கட்டை விரல் கிளிக்கரில். பக்கத்தில் சின்னவள், சந்து வாயையே பார்த்தபடி. முதலில் அம்மா போனாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு அக்கா. பிறகு அத்தை, குடையோடு. கால் மணி கழித்து மறுபடி அத்தை, குடை இல்லாமல் கறுப்புக் கண்ணாடியோடு. அடுத்த தடவை தலையில் சால்வை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வேஷம். சின்னவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று இவளுக்கே விளங்கவில்லை.

எட்டரை மணிக்கு மேல் ஒரு விசித்திரம் நடந்தது. தெரியாத முகங்கள் வரத் தொடங்கின. கையில் ஃபைலோடு ஒருவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், பிறகு கும்பல் கும்பலாக. பேருந்தை விட்டு இறங்கியவர்களுக்குப் பெட்டி இல்லாத சந்து தெரிந்தது, அதற்குள் விறுவிறுவென்று போகும் மனிதர்கள் தெரிந்தார்கள். இத்தனை பேர் போனால் எங்கேயாவது போய்த்தானே சேர வேண்டும் என்று பின்னாலேயே வந்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு அத்தையே நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒருவரைத் திட்டினாள்.

பத்து மணிக்குப் பேராசிரியர் நிமிர்ந்தார். தாளில் 512 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீ எழுதினது பொய்," என்றார்.

சின்னவள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"முன்னூத்தி நாப்பதாம். டீக்கடையில உக்காந்துட்டுப் பாதி ஆளை விட்டிருக்கே. ஒரு இடத்துல இவ்வளவு அலட்சியம்னா மத்த ஆறு இடத்தை நான் எப்படி நம்பறது? ஏழையும் திரும்ப எண்ணு. இந்த வருஷம் தேர்வு வேண்டாம், அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவள் செய்த தப்பு நிஜம், கிடைக்கும் தண்டனையும் நிஜம், ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எண்ணினேன் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. எண்ணவில்லை சார் என்று சொல்லவும் தைரியம் இல்லை.

"அதோட," என்று அவர் தாளைத் தட்டினார், "முக்கியமான ஒரு கூட்டத்தையே நீ கவனிக்கலை. பச்சைச் செருப்பு. ஒம்பது பொம்பளைங்க, ஒரே நிறம், ஒரே தேய்மானம். யூனிஃபார்ம்தான். பக்கத்துல ஏதோ பயிற்சி நிலையம் இருக்கணும். உன் வரைபடத்துல அது எங்க?"

ஒன்பதாவது சுற்றை முடித்து, சால்வையை அவிழ்த்தபடி இரண்டடி தள்ளி நின்றிருந்த அத்தைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பிள்ளையைத் திட்டாதீங்க சார். அந்த ஒம்பது பேரும் நான்தான்."

பேராசிரியர் அத்தையின் காலைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, முகத்தைப் பார்த்தார். அதற்குள் அத்தை வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டு ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். இவர் மாப்பிள்ளை, எட்டு. இது இவ அம்மா, முட்டி வலி, நாலுதான் முடிஞ்சது. கூட்டிப் பார்த்ததில் தொண்ணூற்றேழு வந்தது. அதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. சின்னவள் மழையையும் போர்வையையும் புரோகிராமையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது.

"வேலையாப் போறவங்களைத்தான் எண்ணணும்," என்றார் அவர் வறண்ட குரலில். "சும்மா நடக்கறதெல்லாம் கணக்குல வராதும்மா."

"இவ பாஸாகணும்கறது வேலை இல்லாம என்ன சார்?" என்றாள் அத்தை.

அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் பொய்யைத் துறையில் சொன்னால் சாட்சிக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டும். இந்தத் தாளில் ஒரே அத்தை ஒன்பது பெண்களாக, பயிற்சி நிலையத்தோடு, அவர் கையெழுத்தோடு இருக்கிறாள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"திங்கட்கிழமை நீயும் நானும் மட்டும் எண்ணுவோம். யாருக்கும் சொல்லக் கூடாது. எது வருதோ அதை எழுதறே. பத்துன்னா பத்து. உன் கூரை மொத்தமும் குப்பைக்குப் போனாலும் பத்துதான்."

திங்கட்கிழமை பெட்டிகளில் பாதி திரும்பவும் சந்து வாயில் ஏறியிருந்தன. சின்னவள் அவற்றைத் தொடவில்லை. எட்டே காலுக்கு முதல் ஆள் வந்தார், வெள்ளிக்கிழமை ஃபைலோடு போன அதே மனிதர். அவர் போகிறாரே என்று இன்னும் இரண்டு பேர். கூட்டமெல்லாம் இல்லை. ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருந்தார்கள். அவளுடைய கூரை மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. ஆயிரத்து நூறு பலகை எழுநூறாகி, அறுநூறாகி, அங்கேயே நின்றது. அதுவும் கூரைதான் என்று பட்டது.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது கிளிக்கரில் 210. அப்போது சந்துக்குள் அத்தை வந்தாள். குடை இல்லை, கண்ணாடி இல்லை. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு போல ஏதோ ஒரு காகிதம். இவர்களை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்கிற மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள்.

பேராசிரியரின் விரல் பொத்தான்மேல் நின்றது.

"வேலையாப் போறாங்களா, உனக்காகப் போறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சின்னவள் அத்தையின் முதுகையே பார்த்தாள்.

"தெரியலை சார்," என்றாள்.

அவர் அத்தையின் காலைப் பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார்.