ஒரு முறம் தவிடு

உலகத்தில் யாரைக் கண்டால் பயம் என்று கேட்டால் ஜெசிந்தா திருடனையோ குடிகாரனையோ சொல்லமாட்டாள். நல்லவர்களைத்தான் சொல்வாள். வெள்ளம் வந்த மறுநாளே நல்லவர்கள் வந்துவிடுவார்கள். பிஸ்கட் பாக்கெட்டோடும் பழைய துணியோடும் வருவார்கள். போகும்போது, "பாவம் மேடம், இந்தக் குழந்தையை நாங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமே, ரெண்டு நாள் நல்லாச் சாப்பிடட்டும்" என்பார்கள். அப்படிப் போன குழந்தைகளைத் திரும்பக் கண்டுபிடிக்க ஊர் ஊராக அலைந்தவள் அவள். அதனால் மைசூர் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் திறந்ததும், வாசலை அடைத்து மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

விடாத மழையில் ஏரிக்கரை உடைந்து, கட்டட வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைகள் அத்தனையும் தண்ணீரில் போயிருந்தன. கொட்டகைகளில் பாதிக்குமேல் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். உதவிக்கு ஏழெட்டு அமைப்புகள் ஆளுக்கொரு நிறத்தில் சட்டை மாட்டிக்கொண்டு வந்து இறங்கின. ஊர் கூடித் தேர் இழுப்பது நல்லதுதான். எந்தத் தெருவில் திரும்புவது என்று ஒருவர் சொல்லவேண்டாமா? குழந்தைகள் விஷயத்தில் அந்த ஒருவர் ஜெசிந்தா. யார் பால் கொடுப்பது, யார் விளையாட்டுக் காட்டுவது, யார் இரவில் பிள்ளைகள் பக்கத்தில் படுப்பது என்று அவள் பிரித்துக் கொடுத்தாள். பிள்ளையைத் தேடி எவர் வந்தாலும் பிள்ளையிடம் தனியாக, வந்தவரிடம் தனியாக ஒரே கேள்விகளைக் கேட்கவேண்டும், பதில்கள் ஒத்துப்போனால்தான் மேற்கொண்டு பேச்சு என்றும் சொல்லிவைத்தாள். மந்திரி வந்தாலும் அதே கேள்விதான்.

மனிஷா என்ற ஆறு வயதுப் பிள்ளை முதல் டிராக்டரில் வந்தவள். தண்ணீர் ஏறும்போது, குழந்தைகள் முதலில் போகட்டும் என்று தூக்கி ஏற்றினார்கள். அந்த டிராக்டர் இந்த மண்டபத்துக்கு வந்தது. பெரியவர்களை ஏற்றிய லாரி ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. இதுவும் நல்லவர்கள் செய்த வேலைதான். மனிஷா அழவில்லை. உப்புமாவுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கிக்கொண்டு, "எங்கம்மா வரும்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

சொன்னபடியே அம்மா வந்தாள். பெயர் வடிவு. கோபிநத்தத்துக்காரி. சித்தாள் வேலை. முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. முகாம் முகாமாக நடந்தே தேடியிருக்கிறாள். ஆதார் அட்டை முதற்கொண்டு எல்லாம் கொட்டகையோடு போய்விட்டது. வாசலில் விழுந்து புரளாமல், "மனிஷான்னு ஒரு புள்ள இங்க இருக்குதுங்களா?" என்று நிமிர்ந்து நின்று கேட்டாள். ஜெசிந்தாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. பிடித்தவர்களுக்காகக் கேள்வியைக் குறைக்கிற வழக்கம் இல்லை என்பதால், கேள்வி கேட்கும் மரியாவிடம் அனுப்பிவிட்டு, பால் வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று போனில் சண்டை போடப் போனாள்.

மரியா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவளுடைய தமிழ், வீட்டுச் சமையலறையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. முதலில் பிள்ளையைக் கேட்டாள்.

"உங்கம்மா பேரு என்ன, கண்ணு?"

"வடிவு."

"நீ எங்கே பொறந்தே?"

"நான் பொறக்கல. என்னையத் தவுட்டுக்கு வாங்குனாங்க. பக்கத்து ஊட்டு மாதம்மாகிட்ட. ஒரு மொறம்." பிள்ளை இதை வகுப்பில் முதலாவது வந்த மாதிரி பெருமையாகச் சொன்னது.

மரியாவுக்கு வியர்த்துவிட்டது. வேறொரு அறையில் வடிவைக் கேட்டாள். "ஆமாங்க, வாங்குனதுதான்" என்றாள் வடிவு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "மாதம்மாகிட்ட ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்குனேன்."

இரண்டு பதிலும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. அதுதான் வினையாகப் போயிற்று. போனை வைத்துவிட்டு ஜெசிந்தா திரும்பியபோது, குழந்தைகள் துறை அதிகாரி பசவராஜ் காப்பகத்து வண்டியை வரச்சொல்லிவிட்டு, அடுத்து போலீஸ் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். "சார், எங்க ஆளுங்க வீட்டுல சேட்டை பண்ற எல்லாப் பிள்ளையும் தவிட்டுக்கு வாங்கினதுதான். எங்கம்மாவே என்னை எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க."

"விளையாட்டுக்குச் சொன்னா சரி" என்றார் பசவராஜ் கன்னடத்தில். "அந்தம்மா விளையாட்டுக்குச் சொல்லலையே."

அது உண்மைதான். ஜெசிந்தா உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற கன்னடத்தில் விளக்கினாள். பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போகிற வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்வாள். பெற்றவளே தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்வாள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளை நமக்கெதற்கு என்று எமன் திரும்பிப் போய்விடுவானாம்.

"ஹௌதா, அப்படியா?" பசவராஜ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். விற்கப்பட்ட பிள்ளைகளை ரயிலிலும் செங்கல் சூளையிலும் போய் மீட்டவர் அவர். "நாளைக்கு ஒரு புரோக்கர் வந்து இதே கதையைச் சொன்னா விட்டுடுவீங்களா, மேடம்?"

ஜெசிந்தாவின் சிரிப்பு நின்றது. அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் இதைத்தான் கேட்டிருப்பாள். எங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியும் என்று முறுக்கிக்கொள்வது சுலபம். பிள்ளை பிடிக்கிறவனுக்கும் அதே வழக்கம் தெரியுமே.

"விடமாட்டேன்" என்றாள். "இவங்களையும் அப்படி விடச் சொல்லலை. ஆனா வண்டியை வெளியே நிறுத்துங்க சார். நிரூபிச்சுக் காட்டிட்டு நான் பேசறேன்."

"சாயந்திரம்வரைக்கும் நிக்கும். அதுக்கப்புறம் பிள்ளை காப்பகத்துக்குப் போகும். மத்ததைப் போலீஸ் பார்க்கும்."

வடிவு சமையலறைப் பக்கம் சுவரோரமாக நின்றிருந்தாள். ஜெசிந்தா அருகில் போய் நின்றாள். "வடிவு, எனக்குப் புரியுது. அந்த சாருக்குப் புரியணும். இந்தப் பிள்ளையைப் பெத்தது யாரு? ஒரு வார்த்தை சொல்லு."

"வாங்குனதுதானுங்க."

"சொல்லலேன்னா வண்டியில ஏத்திடுவாங்கம்மா."

வடிவு வாசலில் வந்து நின்ற காப்பகத்து வண்டியைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பதுபோல. "மூணு போச்சுங்க மேடம். மூணையும் எம்புள்ள எம்புள்ளன்னுதான் கொஞ்சுனேன். இத அப்பிடி ஒருநாளும் சொன்னதில்லீங்க. வாயில வந்தாக்கூட முழுங்கிக்குவேன். இப்பத்தான் தண்ணி வந்து கையப் புடிச்சு இழுத்துப் பாத்துட்டுப் போயிருக்குது. இன்னைக்குப் போயி சொல்லச் சொல்றீங்களே."

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எமனை ஏமாற்றக் கற்றவளுக்கு ஒரு அதிகாரியை ஏமாற்றத் தெரியவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால், ஏன், உண்மையையே சொல்லியிருந்தால், இந்நேரம் பிள்ளையோடு கிளம்பியிருப்பாள்.

"சரி, அதைச் சொல்லவேண்டாம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லலாமில்ல?"

வடிவு யோசித்தாள். அதில் ஆபத்தில்லை என்று பட்டிருக்கவேண்டும். "ராமாபுரமுங்க. உமாதேவின்னு ஒரு நர்சம்மா."

அதற்குப் பிறகு ஜெசிந்தாவைப் பிடிக்க முடியவில்லை. கொள்ளேகாலில் வேலை செய்கிற அமைப்பைக் கூப்பிட்டாள். அவர்கள் ராமாபுரத்தில் ஒருவரைக் கூப்பிட்டார்கள். உமாதேவிக்குக் கொள்ளேகாலுக்கே மாற்றலாகிவிட்டது என்று அவர் சொன்னார். போன் திரும்பக் கொள்ளேகாலுக்கே வந்தது. நம்பர் கிடைத்ததும் ஜெசிந்தா அதைப் பசவராஜிடம் நீட்டினாள். "நான் பேசினா சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கும். நீங்களே கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

பசவராஜ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கோபிநத்தம் வடிவைத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"மறக்க முடியுமா சார்?" என்றது போன். "மூணு போய் நாலாவது. என் கையிலதான் பிறந்தது, பெண்ணு. வலது கால்ல கடைசி ரெண்டு விரலும் ஒட்டிக்கிட்டு இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில போட்டாங்கன்னு கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் ஒரு மூச்சு திட்டினேன். பச்சைக் குழந்தையைக் குப்பையிலயா போடறதுன்னு. அதுக்குள்ள தவிடு குடுத்து வாங்கி முடிச்சிருந்தாங்க. பிள்ளை பால் குடிச்சிட்டுத் தூங்குது. ஏன் சார், பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சா?" கடைசிக் கேள்வியில் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கா" என்றார் பசவராஜ். போய் மனிஷாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து வலது காலைப் பார்த்தார். எழுந்தவர் நேராக வெளியே போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார். மரியா அழுதேவிட்டாள்.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. பிள்ளையை ஒப்படைக்கும் முன்னால், இரண்டு சாட்சிகள் கேட்க, இது என் பிள்ளை என்பதுபோல உறவை வாயால் சொல்லவேண்டும் என்பது முகாமில் ஜெசிந்தா வைத்த கடைசி நிபந்தனை. எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குக் காகிதத்தைவிட வாய்வார்த்தை பெரிது என்று அவள்தான் எல்லா அமைப்புகளோடும் வாதாடி அதைக் கொண்டுவந்தவள்.

பிள்ளையையும் தாயையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். பசவராஜும் மரியாவும் சாட்சி. "சொல்லுங்கம்மா" என்றார் பசவராஜ், தனக்குத் தெரிந்த தமிழில். இப்போது அவர் குரலில் அதட்டல் இல்லை.

வடிவு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் இறங்கியதே தவிர வார்த்தை வரவில்லை.

விட்டுவிடலாம். கேட்பார் யாருமில்லை. ஆனால் ஒருத்திக்குத் தளர்த்தினால் நாளைக்கு இன்னொருவனுக்கும் தளரும் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவளிடம் நாலாவதைப் பணயம் வை என்று கேட்கவும் அவளுக்கு மனம் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிஷாவுக்கு அலுத்துவிட்டது. விறுவிறுவென்று நடந்துபோய் வடிவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் பக்கம் திரும்பினாள்.

"என்னையத்தான் தவுட்டுக்கு வாங்குனாங்க" என்றாள் சத்தமாக. "எங்கம்மாவ யாரும் வாங்கல. இது எஞ்சொந்த அம்மா."

பசவராஜ் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல யார் சொல்லணும்னு நான் எங்கேயும் சொல்லலை சார்" என்றாள் ஜெசிந்தா. "ஒருத்தர் சொல்லியாச்சு."

"கேட்டேன்" என்றார் பசவராஜ். "நானும் கேட்டேன்" என்றாள் மரியா.

வடிவு குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் கால்கள் அவள் முழங்கால்வரை தொங்கின. முகத்தைப் பிள்ளையின் கழுத்தில் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்போதும் அந்த வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை.