சாகாவரம் வாங்கிய அத்தான்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, துணி வெட்டுகிற மேஜையைத் துடைத்துவிட்டால் அது விளையாட்டு மேஜை. பகடை உருட்டி, வாயாலேயே ஆடுகிற கதை விளையாட்டு. கடைக்காரி கதையை நடத்துவாள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். அதைப் பட்டன் டப்பாவின் மூடியில்தான் உருட்ட வேண்டும், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி.

மூன்று பேரில் ஒருத்தி கடைக்காரியின் அக்கா. இன்னொருவர் மாடியில் இருக்கும் பல் டாக்டர். மூன்றாவது அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட். வினை அங்கேதான் இருந்தது.

மற்றவர்கள் விதிப்புத்தகத்தைக் கதைக்காகப் படித்தார்கள். அத்தான் பொடி எழுத்துக்காகப் படித்தார். ஒரு விதியின் வாலை இன்னொரு விதியின் தலையோடு முடிச்சுப் போட்டு, ஒரு வீரனைத் தயாரித்துக்கொண்டு வந்தார். அவன் மேல் வாள் பாயாது, விஷம் ஏறாது, அவனுக்குத் தூக்கமும் தேவையில்லை. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷன், மேஜையில் உட்கார்ந்ததும் மலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அந்த வீரனின் பெருமையை நாலு பக்கம் டைப் அடித்து, பிளாஸ்டிக் ஃபைலில் வேறு கோத்து வைத்திருந்தார். விதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டால் பக்க எண்ணைச் சொல்வார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பார்க்கிறவர்களுக்குக் கை பரபரக்கும்.

கடைக்காரி முதலில் செய்ததும் முட்டாள்தனம்தான். உன் வீரன் பெரியவனா, நான் அதைவிடப் பெரியதை விடுகிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். ஒரு வாரம் ஒற்றைக்கண் பூதம், மறுவாரம் மூன்று தலை நாகம். அத்தான் கொசு அடிக்கிற மாதிரி அடித்துப் போட்டார். நாகத்தின் வால் பட்டுச் செத்ததெல்லாம் பல் டாக்டரின் பாத்திரம்தான். ஆறு வாரத்தில் மூன்று முறை செத்தார்.

"அடுத்த தடவை பொணமாவே வந்துடறேன், எல்லாருக்கும் நேரம் மிச்சம்" என்றார் டாக்டர்.

அக்கா மருத்துவச்சியாக ஆடினாள். ஆடினாள் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும், ஒப்புக்குச் சப்பாணி. அவள் பகடையைத் தொடுவதற்குள் அத்தானின் கை முந்திவிடும். "நீ விடு, நான் பாத்துக்கறேன்." பத்தொன்பது வருஷமாக பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் அவள் கேட்டு வந்த அதே வாக்கியம். அதைக் கேட்காத ஒரு இடம் அவளுக்கு வேண்டும் என்றுதான் தங்கை இந்த ஆட்டத்தையே ஆரம்பித்தாள். இரண்டாவது வாரமே துணைக்கு வருகிறேன் என்று அத்தான் வந்து ஒட்டிக்கொண்டார்.

போன ஞாயிறு டம்ளர் கழுவும்போது அக்கா சொன்னாள்: "அடுத்த வாரத்தோட நின்னுக்கறேன்டி. வேடிக்கை பாக்க வீட்டுலயே டிவி இருக்கு."

"அவரை வரவேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லு. அப்புறம் என்னையும் வர விடமாட்டார்."

கடைக்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வாரம் முழுக்க ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டே யோசித்தாள். கடைசியில் மூன்று பேரும் தங்கள் பாத்திரத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்த தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அவளாகச் சேர்த்த ஒரு கேள்வி இருந்தது: இவருக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா பொடிப்பொடியாக ஒன்பது பேரை எழுதியிருந்தாள். காய்ச்சல் தீர்ந்த படகோட்டி, அவன் தங்கை, ஒரு குருட்டுப் பாடகன் என்று போய்க்கொண்டே இருந்தது. டாக்டர், 'மாமியார், பேச்சுவார்த்தை இல்லை' என்று எழுதியிருந்தார். அத்தான் ஒரு கோடு போட்டிருந்தார். நாமினி பெயரை மட்டும் காலியாக விடாதீர்கள் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிற மனுஷன்! கடைக்காரி சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

இந்த ஞாயிறு பூதம் எதுவும் வரவில்லை. ஒரு நகரத்து வாசலும், கையில் பதிவேட்டோடு ஒரு காவல்காரனும்தான். கொள்ளைநோய்க்கு மருந்தான வேர் உள்ளே இருக்கிறது. ஊர்க்காரர்கள் மனசோடு எடுத்துக் கொடுத்தால்தான் பலிக்கும். வருகிறவர் உள்ளே இருக்கும் ஒருத்தர் பேரைச் சொல்ல வேண்டும், அவர் வாசலுக்கு வந்து 'எங்க ஆள்தான்' என்று சொல்ல வேண்டும்.

அக்கா படகோட்டியின் தங்கை பேரைச் சொன்னாள். அவள் ஓடிவந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். டாக்டரின் மாமியார் திட்டிக்கொண்டேதான் வந்தார், ஆனாலும் வந்தார்.

"நான் கதவை உடைக்கிறேன்" என்றார் அத்தான்.

"தாராளமா. பகடைகூட வேண்டாம், உங்க ஆளுக்கு அது முடியும். ஆனா வேரை யார் குடுப்பா?"

அத்தான் ஃபைலைப் புரட்டினார். நாலு பக்கத்தையும் இரண்டு தடவை புரட்டினார். வாள் பாயாததற்கு விதி இருந்தது, இதற்கு இல்லை. பிறகு முகம் மலர்ந்தது.

"இதென்ன பிரமாதம்? என் பொண்டாட்டிதான் உள்ள இருக்காளே. அவ வந்து சொல்லிட்டான்னு எழுதிக்கோ."

கடைக்காரி காவல்காரன் குரலில் கேட்டாள்: "அந்த மருத்துவச்சி பேர் என்னங்க? கூப்பிடறேன்."

அத்தான் அக்காவின் நிஜப் பெயரைச் சொன்னார்.

"அப்படி யாரும் இங்க இல்லையே."

மருத்துவச்சியின் பேர் அத்தானுக்குத் தெரியவில்லை. ஆறு வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளுடைய பகடையை உருட்டியவர். டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேலே சுற்றும் ஃபேனை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அக்காவின் தாளை எட்டிப் பார்த்தார். அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சும்மா விளையாடாதே. சொல்லு, உன் பேர் என்ன?"

அந்த மேஜையில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, கதவைத் தட்டிய விற்பனைக்காரரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். பிறகு பகடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தங்கையிடம், "நான் வேர் தோண்டற இடத்துக்குப் போறேன்டி" என்று சொல்லி மூடியில் உருட்டினாள்.

"நான் கேட்டுட்டிருக்கேன்ல?" என்றார் அத்தான்.

"வெளியவே நில்லுங்க" என்றாள் அக்கா. "அடுத்த வாரம் வந்து சொல்றேன்."